உதயகிரிக் கோட்டையைப் படிப்பது எப்படி: தக்கலை வட்டாரத்தில் ஒரு நாள்

தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் புலியூர்க்குறிச்சியைக் கடப்பவர்கள் உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதிலைப் பேருந்து ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பார்கள். உள்ளே செல்பவர்களிலும் பெரும்பாலோர் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவில் மான்களைப் பார்த்துவிட்டு, நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் என்ற ஒரு சிறிய அரசு, தொழில் தெரிந்த ஓர் அந்நியனைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு எவ்வாறு பெரிய அரசாக வளர்ந்தது என்பதைக் கல்லிலும் மரத்திலும் எழுத்திலும் ஒரே நாளில் படித்துவிடக் கூடிய இடம் தென் தமிழகத்தில் இதைப் போல வேறொன்று இல்லை என்பது என் கருத்து. உள்ளூர் வரலாறு எழுத முனையும் கல்லூரி மாணவர்களையும், மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்பு கேள்வியைச் சரியாக வகுத்துக்கொள்ள வேண்டும். 'இந்தக் கோட்டையை யார் கட்டினார்?' என்ற கேள்வியோடு போனால் ஒரு பெயரோடு திரும்பி வருவீர்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. கல்லூரி நாட்களில் நான் அப்படித்தான் போனேன். ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரையில் 'உதயகிரிக் கோட்டையைக் கட்டியவர் டச்சுத் தளபதி டிலனாய்' என்று முதல் வரியிலேயே எழுதினேன். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருந்தன. டிலனாய் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே ஒரு மண்கோட்டை இருந்தது. 1741க்குப் பிறகு நடந்தது அதைக் கருங்கல்லில் வலுப்படுத்தி எடுத்துக் கட்டிய வேலை. தளபதி என்ற பதவியும் டச்சுக்காரர்கள் அவருக்குக் கொடுத்ததன்று. அது திருவிதாங்கூர் கொடுத்தது. மலர் அச்சான பிறகு அதைப் படித்த ஒரு கல்தச்சர் என்னிடம் டிலனாயைக் கப்பித்தான் என்று குறிப்பிட்டுக் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: "சாரே, கப்பித்தான் கெட்டினாருன்னு எழுதியிருக்கீங்க. கப்பித்தானா உளி பிடிச்சாரு?"

ஆகவே ஒன்றுக்குப் பதிலாக நான்கு கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். இந்த வேலை யாருக்குத் தெரிந்திருந்தது? அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? உத்தரவு யாருடையது? கடைசியில் யாருடைய பெயர் நிலைத்தது? நான்குக்கும் ஒரே விடை வந்தால் நீங்கள் எங்கோ அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து, ஆண்டுக் கணக்கு. இவ்வட்டாரத்து ஓலைகளும் கல்வெட்டுகளும் கொல்லம் ஆண்டைப் பயன்படுத்துகின்றன. கொல்லம் ஆண்டு சிங்ஙம் முதல் தேதியில், அதாவது நம் ஆவணிப் பிறப்பில் தொடங்குவதால், ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிகளுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிகளுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தம் அரசைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படிதானம் கொல்லம் 925 மகரம் 5ஆம் நாள் நடந்தது. மகரம் நம் தை மாதம்; ஆகவே 825ஐக் கூட்டி 1750 ஜனவரி என்று கொள்ள வேண்டும். 824ஐக் கூட்டியவர்கள் 1749 என்று ஓராண்டு முந்திப் போவார்கள். குளச்சல் போரின் தேதியில் வேறொரு சிக்கல் உண்டு. சில நூல்கள் 1741 ஜூலை 31 என்றும், வேறு சில ஆகஸ்ட் 10 என்றும் சொல்லும். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தனர். அது புதிய நாட்காட்டிக்கு 11 நாள் பின்தங்கியிருந்தது. இரண்டு நூல்களின் தேதிகள் பத்துப் பதினோரு நாள் முரண்பட்டால், ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கு முன்பு நாட்காட்டியைப் பாருங்கள்.

பின்னணியை இவ்வளவு தெரிந்துகொண்டு போனால் போதும். மார்த்தாண்ட வர்மா 1729இல் வேணாட்டு (பின்னாளைய திருவிதாங்கூர்) அரசரானபோது, எட்டுவீட்டுப் பிள்ளைமார் முதலிய பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. அவர்களை ஒடுக்கிய பிறகு அவர் வடக்கே இருந்த சிற்றரசுகளின் மீது படையெடுத்தார். அதனால் மிளகு வணிகம் கைநழுவும் என்று அஞ்சிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையிலிருந்து படை அனுப்பிக் குளச்சலில் இறக்கியது. அந்நேரம் ஜாவாவில் கம்பெனிக்குப் பெரும் போர் மூண்டிருந்ததால் பத்தேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) உதவிப் படை வரவில்லை. 1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அதன் பிறகு மகாராஜாவின் சேவைக்கு வந்தவர்களில் ஒருவர்தான், 1715இல் பிறந்த யூஸ்டாசியஸ் பெனடிக்டஸ் டி லனாய். நம்மூர் வாயில் அவர் டிலனாய். அரசுப் பதவியில் வலிய கப்பித்தான்.

இப்பெயரையே சற்று நிறுத்திப் பாருங்கள். 'வலிய' மலையாளம், பெரிய என்று பொருள்; 'கப்பித்தான்' போர்ச்சுகீசியம், கேப்டன் என்று பொருள். இதுபோன்ற சொற்களைக் குறிப்பேட்டில் தனியே ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள் என்பது என் அடுத்த யோசனை. பீரங்கி, பறங்கியர் பெயரால் வந்தது. துப்பாக்கி, துருக்கியர் வழியாக வந்தது. மராமத்து, திவான் ஆகியவை பாரசீகம் வழி வந்தவை. ஆனால் கல்லை உடைக்கும் ஆப்பும் சம்மட்டியும், சாந்து அரைக்கும் செக்கும், நீரைத் திருப்பும் மடையும் மதகும் கலுங்கும் நம்முடையவை. வெடிமருந்துக்குரிய சொற்கள் கப்பலில் வந்தன. கல்லுக்கும் தண்ணீருக்கும் உரிய சொற்கள் இங்கேயே இருந்தன. எந்த அறிவு வெளியிலிருந்து வந்தது, எது ஏற்கெனவே ஊரில் இருந்தது என்று பிரித்தறிய இந்த ஒரு பக்கம் பெரிதும் உதவும். அதுவே முடிவான சாட்சி என்று கொள்ளாதீர்கள். கேள்வி கேட்பதற்கு அது ஒரு முனை, அவ்வளவே.

உதயகிரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வாசலில் நின்று படம் எடுப்பதோடு நிறுத்தாமல், மதிலை ஒட்டி இயன்றவரை நடங்கள். ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பு. நடுவே ஒரு குன்று. குன்றை உள்ளே வைத்துச் சுற்றி மதில் எழுப்பியது ஏன் என்று மாணவர்களிடம் கேளுங்கள். உயரத்தில் நிற்பவன் வருகிறவனை முதலில் பார்ப்பான் என்ற விடை உடனே வரும். அடுத்து மதிலின் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்பையும் வேலையும் தடுக்க இவ்வளவு கனம் தேவையில்லை. பீரங்கிக் குண்டைத் தாங்கவும், மதில் மேலேயே பீரங்கியை ஏற்றி நகர்த்தவும்தான் இந்த அகலம். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னருக்கு வோபான் என்ற பொறியாளர் வடிவமைத்த கோட்டைகளும் இதே பீரங்கிக் கணக்கில் எழுந்தவைதாம். அங்கே கோணக் கொத்தளங்கள் நட்சத்திர வடிவில் நீண்டன. இங்கே குன்று எப்படி அமைந்ததோ அப்படியே மதில் போகிறது. அந்நிய அறிவு உள்ளூர் நிலத்துக்கு வளைந்து கொடுத்த இடம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

பிறகு மதிலில் ஏதேனும் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்துகொண்டு பத்து நிமிடம் பாருங்கள். இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் வற்புறுத்துங்கள். கல்லின் விளிம்பில் சீரான இடைவெளியில் சிறு குழிகள் தென்பட்டால், அவை ஆப்புக் குழிகள். பாறையில் வரிசையாகக் குழி தோண்டி, அவற்றில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் மாறி மாறி அடித்தால், பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். எந்த இடத்தில் குழி தோண்டினால் நேராகப் பிளக்கும் என்பது பாறையின் ஓட்டம் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அந்த அறிவை எந்த ஐரோப்பியரும் கப்பலில் கொண்டு வரவில்லை. சுசீந்திரம் கோயிலையும் திருவட்டாறு கோயிலையும் எழுப்பிய கைகளின் வழிவந்த அறிவு அது. கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. வார்ப்பு வேலை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. உருளியும் குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்த்த மூசாரிகள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தார்கள். மணி வார்க்கத் தெரிந்தவனுக்குப் பீரங்கியின் உலோகம் அந்நியமன்று. குழலின் உள்விட்டமும், சுவரின் கனமும், மருந்தின் அளவும்தாம் புதியவை. டிலனாய் கொண்டுவந்தது அந்த அளவுகளையும், படையை வரிசையில் நிறுத்திப் பயிற்றும் முறையையும்தான் என்று நான் கருதுகிறேன். குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அளவு என்பது சிறிய விஷயம் இல்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். 1505 வாக்கில் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியிடம் மிலான் நகரத்தைச் சேர்ந்த இருவர் வந்து சேர்ந்து பீரங்கி வார்த்துக் கொடுத்ததை, அக்காலத்தில் அங்கு வந்த இத்தாலியப் பயணி லுடோவிகோ வர்த்தேமா குறித்திருக்கிறார். ஆக, தொழில் தெரிந்த ஐரோப்பியனை வேலைக்கு வைத்துக்கொள்வது மலையாளக் கரையில் மார்த்தாண்ட வர்மா கண்டுபிடித்த உத்தி இல்லை. சாமூதிரியின் நாட்டில் அது ஒரு நிகழ்ச்சியாக முடிந்தது. திருவிதாங்கூரில் அது ஓர் அமைப்பாக வேர்விட்டது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த நாள் முழுவதற்கும் உரிய கேள்வி.

கோட்டைக்குள்ளே இடிந்த தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை உள்ளது. அருகில், 1765இல் களக்காட்டுப் போரில் இறந்த அவருடைய மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறை எழுத்து லத்தீனிலும் தமிழிலும் உள்ளது. தமிழ் இருக்கிறதே என்று லத்தீனை விட்டுவிடாதீர்கள். கல்லைத் தொட்டுத் தேய்க்காமல், சுண்ணாம்போ மாவோ பூசாமல், சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எழுத்தின் பள்ளங்கள் தெரியாது.

லத்தீன் வாசகத்தின் சாரம் இது: வழிப்போக்கனே, நில், இங்கே கிடப்பவர் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்து, ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்கு ஊழியம் செய்து, காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள எல்லா அரசுகளையும் ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் அவருக்குக் கீழ்ப்படுத்தியவர், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1இல் இறந்தார். இதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். கோட்டை கட்டியது இல்லை. பீரங்கி வார்த்தது இல்லை. வட்டக்கோட்டையும் இல்லை, கொச்சி எல்லையில் 1760களில் அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டையும் இல்லை. தொழில் தெரிந்தவர் என்பதற்காகவே சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒருவரின் கல்லறையில் அந்தத் தொழிலைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. படைத்தலைமையும் அரச ஊழியமும் மட்டுமே உள்ளன. கைத்திறன் கட்டளையிடும் பதவியாக மாறிய பிறகுதான் அது கல்லில் பொறிக்கத் தக்கதாயிற்று. வென்ற நாடுகளும் அவருக்கு அடங்கவில்லை, அரசருக்கு அடங்கின. லத்தீன் இலக்கணத்தில் அந்த ஒரு வேற்றுமை உருபு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, லத்தீன் அறிந்த பாதிரியார் யாரையாவது கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

அந்தப் பதவிக்கும் எல்லை இருந்தது. பத்மநாபபுரத்தில் அரசு அலுவலராக இருந்த நீலகண்டப் பிள்ளை, டிலனாயின் தொடர்பால் கிறிஸ்தவம் அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, வலிய கப்பித்தான் படையில் உயர்ந்த நிலையில்தான் இருந்தார். அரசருக்குக் கோட்டை கட்டிக் கொடுத்தவரால் அரசவை முடிவை நிறுத்த முடியவில்லை. அறிவு ஒருவரை அதிகாரத்தின் எவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்தும், எந்த வாசலுக்கு அப்பால் விடாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது. இது இன்றும் பலருக்குப் பக்தியோடு கலந்த செய்தி என்பதால், மாணவர்களோடு பேசும்போது நிதானமாகப் பேசுங்கள்.

அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். திங்கட்கிழமை விடுமுறை, இதைப் பார்க்காமல் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிச் சென்று வாசலில் நின்ற ஆசிரியர்களில் நானும் ஒருவன். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும், 1956 எல்லைப் பிரிப்புக்குப் பிறகும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது. சீட்டுக் கொடுப்பவர் மலையாளத்தில் கேட்பார், நாம் தமிழில் சொல்வோம், இரண்டு பேருக்கும் புரியும்.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் நேரத்தை மந்திரசாலையில் செலவிடுங்கள். மாடியில் உள்ள அந்த ஆலோசனை அறை எவ்வளவு சிறியது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்றும் மங்கிய வெளிச்சமும் வரும். வெளியே இருப்பவனுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. 90 ஏக்கர்க் கோட்டைக்கான உத்தரவுகள் பிறந்தது இத்தகைய சிற்றறைகளில்தான். 1737 முதல் 1756 வரை தளவாயாக, அதாவது முதலமைச்சராக, இருந்த ராமய்யன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தவர். இந்த அரசின் கணக்குகளைப் பிடித்து வைத்திருந்த கைகளில் அவருடையது முக்கியமானது. மிளகை அரசின் தனியுரிமையாக்கினார்கள். அதற்கென 'மிளகு மடிசீல' என்ற துறை இயங்கியது. ஆண்டு வரவுசெலவை முன்கூட்டியே வகுக்கும் பதிவுக்கணக்கும் நடைமுறைக்கு வந்தது. சாமூதிரியின் நாட்டுக்கும் திருவிதாங்கூருக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் தேடுவேன். பீரங்கி வார்ப்பவன் ஒருவன் கிடைப்பது அதிர்ஷ்டம். அவனுக்கும் அவன் கீழ் வேலை செய்பவர்களுக்கும் ஆண்டுதோறும் தடையின்றிப் படியளக்கக் கணக்கு வேண்டும். 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில், தோற்ற அதே டச்சுக் கம்பெனி ஆண்டுக்கு 12,000 ரூபாய்ப் பெறுமான ஆயுதங்களைத் திருவிதாங்கூருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதும் மிளகுக்காகத்தான்.

அரண்மனையில் டிலனாய் மகாராஜாவிடம் சரணடையும் ஓவியம் ஒன்றும் உண்டு. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுப்பார்கள். அது பிற்காலத்தில் வரையப்பட்டது. போர் நடந்த விதத்துக்கு அதைச் சாட்சியாகக் கொள்ளாதீர்கள். அந்த வெற்றியைப் பின்வந்தவர்கள் எப்படி நினைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. குளச்சலில் கேட்கக் கிடைக்கும் கதையும் அத்தகையதே: கரையில் மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றதைக் கப்பலில் இருந்தவர்கள் துப்பாக்கிப் படை என்று எண்ணினார்கள் என்பார்கள். அதைக் கேட்டால் சொன்னவரின் ஊர், வயது, யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மெய்யா பொய்யா என்று அங்கேயே வழக்காட வேண்டாம். அரசருக்கும் கப்பித்தானுக்கும் கல்லும் ஓவியமும் இருக்க, துடுப்புப் பிடித்தவர்களுக்கு இந்த ஒரு கதைதான் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் வட்டக்கோட்டைக்குப் போகலாம். கடலோரக் கருங்கல் கோட்டை. காற்று நன்றாக இருக்கும். சுவரில் மீன் சின்னத்தைத் தேடிப் பாருங்கள். பாண்டியர் அடையாளம் டிலனாய்க் கோட்டையில் எப்படி வந்தது என்ற விவாதத்தில் பிள்ளைகளுக்கு மாலை கழிந்துவிடும்.

மேலும் ஆழமாகப் போக விரும்புவோர்க்கு இரண்டு வாசல்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் ஆவணங்களான மதிலகம் ஓலைகள் உள்ளன. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மலபார் டச்சு ஆவணங்கள் உள்ளன. ஓலை அரசனின் பக்கத்தைச் சொல்லும். டச்சுக் கடிதம் தோற்றவனின் சாக்கைச் சொல்லும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த பிறகு எழுத உட்காருங்கள்.

எழுதும்போது கதையை 1741இல் தொடங்கி 1777இல் முடித்துவிடாதீர்கள். நெடுங்கோட்டை 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலைத் தாங்கியது, 1790இல் விழுந்தது. 1795 உடன்படிக்கைக்குப் பிறகு திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியின் படைக்குப் பணம் கட்டும் அரசாயிற்று. டிலனாய்க்குப் படியளந்தவர் அரசர். இப்போது படை கம்பெனியுடையது, படி மட்டும் அரசருடையது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809இல் கம்பெனிக்கு எதிராக எழுந்தபோது, கம்பெனிப் படை பிப்ரவரி 10ஆம் நாள் ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றி உள்ளே நுழைந்தது. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. திருநெல்வேலி பக்கம் திரும்பிச் செல்பவர்கள் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு நடுவே வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அரணின் மிச்சத்தைத் தேடி அலைய வேண்டாம். இரு பக்கமும் மலை நெருங்கும் அந்தக் கணவாயின் அகலத்தைக் கண்ணால் அளந்து, குறிப்பேட்டில் ஒரு கோட்டுப் படம் வரைந்துகொண்டால் போதும்.